குளத்தைச் சிவக்க வைத்தவள்

சேகருக்கு அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் வகையறாவை எல்லாம் நீயே மேலே சேர்த்துப் படித்துக்கொள், எனக்கு இப்போது அதற்குப் பொறுமை இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன், இல்லாவிட்டால் பாதியில் பேனாவை மூடி வைத்துவிடுவேன். தொண்ணூறாம் வருஷம் தை மாதம் நீ அம்சாவைக் கட்டிக்கொண்டு வந்த ஏழெட்டு நாளில் நம் ஊர் அம்மன் குளம் சிவந்து போனதல்லவா? புது மருமகள் குடம் தொட்டதால்தான் சிவந்தது என்று ஊரே சொன்னதல்லவா? அந்தக் குளத்தைச் சிவக்க வைத்தது நான். தெரியாமல்தான் செய்தேன். ஆனால் செய்தது நான் என்று தெரிந்த பிறகும் பதினைந்து வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தேன். போன புதன்கிழமை, புதுவீட்டுப் பத்திரிகை கொடுக்க வந்த அம்சாவிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். "உங்க புள்ளைகிட்ட நீங்களே சொல்லுங்க அத்தை, என் வாயால நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

உன் கல்யாணத்துக்கு முந்தின கார்த்திகை. நீ திருவண்ணாமலைக்கு ஒயரிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க உனக்கு ஏது நேரம், அம்சா படித்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வாசலில் உனக்கு வேலை ஜாஸ்தி. கீழ்பென்னாத்தூரில் விவசாய ஆபீசர் ஒருவர் கூட்டம் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் பையில் ஒரு பிடி பச்சையைக் கொடுத்து அனுப்பினார். அசோலா என்று பேர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன இலைக்கொத்து, அடியில் மயிர் மாதிரி வேர். மண்ணே வேண்டாம், நின்ற தண்ணீரில் மிதந்துகொண்டே பெருகும். நெல் நட்ட வயலில் விட்டால் யூரியா கம்மியாகப் போட்டால் போதும் என்றாராம். உன் அப்பாவுக்குத்தான் புதிதாக எது வந்தாலும் முதல் ஆளாகக் கை நீட்டிவிட வேண்டுமே. கொல்லையில் மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சிமெண்டுத் தொட்டி இருந்ததல்லவா, அதில் கொட்டி வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கோ கல்யாண வேலை. வெள்ளையடித்து, பரண் இறக்கி, மூலை முடுக்கெல்லாம் கழுவிக்கொண்டிருந்தேன். பால்வாடியில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கை கழுவு, கால் கழுவு என்று சொல்லிக் கொடுக்கிறவள் வீட்டில் தொட்டி முழுக்கப் பாசி மொய்த்துக் கிடந்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? அத்தனையையும் வாரி இரண்டு கூடையில் அள்ளினேன். எருக்குழிவரை நடக்கச் சோம்பல். கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் அம்மன் குளம், இருபது எட்டு. கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்துவிட்டேன். மத்தியானம் உன் அப்பா வந்து காலித் தொட்டியைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அடியே, அது பாசி இல்ல. அசோலா."

"பச்சையா மெதந்தா பாசிதான். பேரு வெச்சா தங்கமாயிடுமா?" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபப்படத் தெரியாத மனுஷன், உனக்குத் தெரியாதா. அம்மன் குளத்துக்கு உரம் போட்டதாக இருக்கட்டும் என்றார். ஆபீசர் கொடுத்த துண்டுப் பிரசுரத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, இனிமேலாவது தெரிந்துகொள் என்று என் கையில் கொடுத்தார். எழுத்துக் கூட்டிப் படிக்க அவருக்குப் பொழுது போய்விடும். அதனால் நான் சத்தமாகப் படித்தேன், அவர் கேட்டார். நாலைந்து நாளைக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும் என்று போட்டிருந்தது. மாடு, கோழி எல்லாம் விரும்பித் தின்னும் என்று போட்டிருந்தது. கடைசியில் ஒரு வரி: வெயில் அதிகமானாலோ, பனி அதிகமானாலோ, சத்துக் குறைந்தாலோ இலை செந்நிறமாகும், பயப்பட வேண்டாம், கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் போட்டால் மறுபடி பச்சையாகிவிடும். அந்த வரியை என் வாயால், என் குரலில் படித்திருக்கிறேன் சேகர். இதை நீ மறக்காமல் வைத்துக்கொள், ஏனென்றால் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

தை பிறப்பதற்குள் குளம் பூராவும் பச்சை மூடிக்கொண்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாசி என்றார்கள், குடத்தின் அடியால் தள்ளிவிட்டுத் தண்ணீர் மொண்டுகொண்டார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் புது மருமகள் அம்மன் குளத்தில் முதல் குடம் மொண்டு வந்து வாசலில் ஊற்றுவது நம் ஊர் வழக்கம். அம்சாவும் மொண்டாள். டவுன் பெண், இடுப்பில் குடம் நிற்கவில்லை, பாதித் தண்ணீர் சேலையில். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அவள் அந்தக் குளத்தங்கரையில் சிரித்தது அதுதான் கடைசி.

ஏழெட்டு நாள் போயிருக்கும். காலையில் பனி, பத்து மணிக்குமேல் சுள்ளென்று வெயில். கோயில் பக்கத்துக் கரை ஓரம் முதலில் செங்கல் நிறமானது. இரண்டே நாளில் குளம் முழுக்கக் குங்குமத்தைக் கொட்டியது மாதிரி ஆகிவிட்டது. எதிர்வீட்டு மங்கம்மா வாய்தான் ஊர் தண்டோரா ஆயிற்றே. "புது மருமக கொடம் தொட்டா, கொளம் செவந்துச்சு" என்று அவள் சொன்னாள். எவ்வளவு வாகாக அமைந்துவிட்டது பார், ஒரு பழமொழி மாதிரி. சாயங்காலத்துக்குள் அது பக்கத்து ஊர் பஸ் ஸ்டாப்புவரை போய்விட்டது. நான் கரையில் இறங்கி ஒரு கிள்ளு எடுத்துப் பார்த்தேன். அதே இலை, அதே வேர். நிறம் மட்டும் மாறியிருந்தது. அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

உன் அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. அடுப்படிக்கு வந்து, நான் போய் கோயிலில் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அம்மன் குளத்தில் தொட்டிக் கசடைக் கொட்டினேன் என்று தெரிந்தால் பஞ்சாயத்தில் நிறுத்துவார்கள், பால்வாடி டீச்சரே இப்படியா என்பார்கள், இரண்டு நாளில் தானாக அடங்கிவிடும் பேசாமல் இருங்கள் என்று சொல்லிச் சத்தியமும் வாங்கிக்கொண்டேன். அவர் நம்பினார். நானும் முதல் இரண்டு நாள் அதைத்தான் நம்பினேன்.

ஆனால் சேகர், பாதி உண்மை எழுதுவதற்கு ஒரு கடிதம் எதற்கு? இன்னொரு காரணமும் இருந்தது. என் தம்பி மகளை நீ கட்டிக்கொள்வாய் என்று அவள் பிறந்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தவள் நான். நீயாக ஒருத்தியைப் பார்த்து, நீயாக முடிவு செய்து, கடைசியில் என்னிடம் வந்து சம்மதம் கேட்டாய். சிரித்துக்கொண்டே சரி என்றேன். உள்ளே ஒரு முள் குத்திக்கொண்டுதான் இருந்தது. ஊர் அவளைக் குறை சொன்னபோது அந்த முள்ளுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. பார்த்தாயா, நான் சொன்ன பெண்ணைக் கட்டியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று எனக்குள் ஒருத்தி சொன்னாள். குளம் ஏன் சிவந்தது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே அதை நினைத்தேன். இதை எழுதும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

பூசாரி தீட்டுப் பட்டிருக்கிறது என்றார். மூன்று வெள்ளிக்கிழமை, ஈரச் சேலையோடு, மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அம்சா குளத்தைச் சுற்றி வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நீ சண்டைக்குப் போனாய். நான்தான் உன்னைச் சமாதானம் செய்தேன், ஊரோடு ஒத்து வாழ் என்று பெரிய மனுஷி மாதிரி பேசினேன். தைப் பனியில் அவள் சுற்றி வந்தாள். காய்ந்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நான் கரையில் நின்றேன். என்ன நல்ல மாமியார் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். என்னை யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனோ என்னவோ.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. இரண்டாம் வெள்ளிக்கும் மூன்றாம் வெள்ளிக்கும் நடுவில் உன் அப்பா மனசு கேட்காமல் பழைய வேட்டியை வலை மாதிரிப் பிடித்துக் குளத்திலிருந்து அந்தச் சிவப்பை அரித்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். அம்சா கூடையில் அள்ளி எருக்குழிக்குக் கொண்டுபோனாள். போகிற வழியில் நம் வெள்ளைக் கன்றுக்குட்டி கூடைக்குள் மூஞ்சியை விட்டுத் தின்ன ஆரம்பித்துவிட்டது. அவள் ஓடி வந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

"அத்தை, இது ஏதோ செடிதான் அத்தை. கன்னுக்குட்டி ஆசையா திங்குது. ரத்தமும் இல்ல ஒண்ணும் இல்ல. ஊர்ல சொல்லலாமா?"

அலமாரியில் பால்வாடி ரிஜிஸ்டருக்கு அடியில் அந்தத் துண்டுப் பிரசுரம் இருந்தது. எட்டினால் எடுத்துவிடலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாய மூடிக்கினு இரு. இருக்கற பேரு போதாதா?" என்றேன். அவள் முகம் அணைந்துவிட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் செய்த தப்புகளை எல்லாம் ஒரு தட்டில் வைத்து, இதை மட்டும் இன்னொரு தட்டில் வைத்தால், இதுதான் கீழே இறங்கும். அந்தப் பெண் தானாகவே உண்மையைக் கண்டுபிடித்து என் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். நான் அதைத் திரும்ப அவள் தலையிலேயே போட்டு மூடினேன்.

மூன்றாம் வெள்ளிக்கு முன்னால் உன் அப்பா யாருக்கும் தெரியாமல் வீட்டில் இருந்த சூப்பர் பாஸ்பேட்டைக் கொண்டுபோய்க் குளத்தில் தூவினார். மருமகளுக்காகப் பரிதாபப்பட்டுத்தான் செய்தார். மாசி பிறந்தது, பனியும் விட்டது. அவள் மூன்றாவது சுற்று முடித்த நாலைந்து நாளில் குளம் பச்சைக்குத் திரும்பிவிட்டது. ஊரெல்லாம் பரிகாரம் பலித்துவிட்டது என்றது. பலித்துவிட்டால் என்ன அர்த்தம்? குற்றம் அவளுடையது என்று அம்மனே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. உன் அப்பா நல்லது செய்யப் போய் அவள்மேல் இருந்த பழியைக் கெட்டிப்படுத்திவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும். வளைகாப்புக்கு அழைப்பில்லை, மஞ்சள் குங்குமத்துக்கு அழைப்பில்லை, அவள் குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். மறு வருஷம் ஆனியில் நீ அவளைக் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கு, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒற்றை ரூமுக்குப் போனாய். கெஸ்ட் ஹவுஸ்களுக்கு ஒயரிங் செய்து, மோட்டார் ரிப்பேர் பார்த்து, அவள் ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்து, நீங்களாக எழுந்து நின்றீர்கள். கிளம்பும்போது வாசலில் நின்று, "நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்மா" என்றாய். அவளுக்குப் பரிந்து பேசியிருக்கலாம் என்ற அர்த்தத்தில் சொன்னாய். எனக்கு வேறு அர்த்தத்தில் கேட்டது. உன் அப்பா ஒவ்வொரு தையிலும் என்னைப் பார்த்து, சொல்லிட்டியா என்று ஒரே வார்த்தை கேட்பார். இல்லை என்று தலையாட்டுவேன். நான் வாங்கிக்கொண்ட சத்தியத்தைச் சாகும்வரை காப்பாற்றினார். அவர் போனபிறகு கேட்க ஆள் இல்லை. அது வசதியாகவும் இருந்தது, சகிக்க முடியாமலும் இருந்தது.

இந்த ஆடியில் கால்நடை ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து மங்கம்மா வீட்டுக் கொல்லையில் குழி வெட்டி, பிளாஸ்டிக் ஷீட் விரித்து, தண்ணீர் விட்டு, மாட்டுத் தீவனத்துக்கு என்று ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்கள். அசோலாவேதான். பத்து நாள் பச்சை, அப்புறம் ஒரு வாரம் மழையில்லாமல் வெயில் காய்ந்ததும் சிவப்பு. மங்கம்மாவின் மகன் சர்வசாதாரணமாக, வெயில் ஜாஸ்தி, மேலே ஓலை கட்டணும் என்று சொல்லிவிட்டு ஓலை வெட்டப் போனான். மங்கம்மா மட்டும் குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெதுவாக என் வீட்டுக்கு வந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, அன்னிக்கி கொளத்துல கெடந்தது இதானே?"

"எனக்கின்னா தெரியும்" என்றேன். அறுபது வயசில், எதற்கும் பயப்பட வேண்டாத நிலைமையில், மறுபடியும் அதே பொய். வாய் பழகிவிட்டது சேகர். ஒரு பொய்யைப் பத்து வருஷம் வைத்திருந்தால் அப்புறம் அதுவே பேசிக்கொள்ளும், நீ பேச வேண்டியதில்லை.

இந்த லட்சணத்தில்தான் புதன்கிழமை அம்சா வந்தாள். சாத்துக்குடி, பத்திரிகை, எனக்கு ஒரு சேலை. வேங்கிக்கால் வீட்டைப் பற்றி, மாடியில் நின்றால் மலை தெரிவதைப் பற்றிச் சொன்னாள். கீழே எனக்கென்று ஒரு ரூம் வைத்திருக்கிறீர்கள், கண் ஆபரேஷன் முடிந்து நான் தனியாகக் கிடக்க வேண்டாம், அங்கேயே வந்துவிட வேண்டும் என்றாள். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

"நெறகொடத்த நீங்க எடுத்துக்கினு உள்ள வந்துடுங்க அத்தை. வீட்டுக்காரிதான் எடுக்கணும்னு சொல்வாங்க. எனக்கு பயமா இருக்கு. என் கை பட்டு எதனா ஆயிடுச்சின்னா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர் சொன்னதை அவளே நம்பியிருக்கிறாள். தன் சம்பாத்தியத்தில் பாதி போட்டுக் கட்டிய வீட்டுக்குள் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வர அவளுக்குப் பயம். யோசித்துப் பார், பதினைந்து வருஷத்தில் எந்த விசேஷத்திலாவது அவள் குடம் தொட்டுப் பார்த்திருக்கிறாயா? நான் கவனித்ததில்லை. நீயும் கவனித்திருக்கமாட்டாய். நீ அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாய், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீ சொந்தமாகப் போட்ட மோட்டார் ரிப்பேர் கடை நன்றாக ஓட ஆரம்பித்ததும், எல்லாம் அம்சா வந்த நேரம் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாய். அவளுக்கு மருந்து போடுவதாக நினைத்துச் சொன்னாய். அவள் அப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வாள், வெட்கம் என்று நினைத்தோம். நல்லதுக்கு வந்த நேரம் காரணம் என்றால் கெட்டதுக்கும் அதுதானே காரணம்? அந்த வார்த்தையே உன் வீட்டில் வேண்டாம். நாளைக்கு உன் மகள் ஒரு வீட்டுக்குப் போவாள். அவள் போன நேரத்தில் அங்கே மாடு கன்று போட்டாலும் சரி, மோட்டார் எரிந்தாலும் சரி, மாட்டை மாடு என்றும் மோட்டாரை மோட்டார் என்றும் சொல்கிற வீடாகப் பார்த்துக் கொடு.

சொல்லிவிட்டேன். அம்சா எதிரில் உட்கார்ந்து, தொட்டியிலிருந்து கன்றுக்குட்டிவரை ஒன்று விடாமல் சொன்னேன். என் தம்பி மகள் விஷயத்தையும் சொன்னேன். அலமாரியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன், மடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தது. கடைசி வரியை அவள் இரண்டு தரம் படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவும் இல்லை.

"நான் அன்னிக்கே கேட்டேனே அத்தை, இது செடிதானேன்னு" என்றாள்.

அவ்வளவுதான். போட்டு வைத்த காப்பி ஆறிப்போனது. பஸ் ஸ்டாப்புவரை கூடவே போனேன், வேண்டாம் என்று அவள் தடுக்கவில்லை. பஸ்ஸில் ஏறும்போதுதான் உன்னிடம் நானே சொல்ல வேண்டும் என்றாள். காகிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பி வரும்போது நேரே வீட்டுக்கு வரவில்லை. சாயங்காலப் பால் ஊற்றுகிற நேரம், சொசைட்டி வாசலில் பெண்கள் கேனோடு வரிசையில் நின்றார்கள், மங்கம்மாவும் நின்றாள். அங்கேயே நின்று சொன்னேன். அம்சாவை எந்த ஊர் பேசியதோ அந்த ஊர் காதில் விழ வேண்டுமல்லவா? சின்னப் பெண்களுக்கு என்ன கதை என்றே புரியவில்லை, ஒருத்தி சிரித்துக்கூட விட்டாள். பழையவர்களுக்குப் புரிந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. மங்கம்மா கேனைக் கீழே வைத்துவிட்டு, "இத்தினி நாளா என் வாயால பாவத்த கொட்ட வெச்சிட்டியே டீச்சரம்மா" என்றாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. இருபது வருஷமாக மரியாதையாகப் பேசியவள், முதல் தரம் என்னை ஒருமையில் பேசினாள். பேசட்டும்.

மூன்று நாள் உங்கள் பக்கமிருந்து ஒன்றும் இல்லை. சனிக்கிழமை மங்கம்மா வீட்டுக்குப் போன் வந்தது. ஓடிப்போய் எடுத்தேன். அம்சாதான். எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

"கொடத்த நானே எடுக்கறேன் அத்தை. நீங்க எனக்குப் பின்னாடி வாங்க. பால் காய்ச்சி, வந்தவங்கல்லாம் சாப்ட்டுட்டுப் போனப்புறம் நான் உங்ககிட்ட பேசணும். ரொம்ப நேரம் பேசுவேன். நீங்க கேக்கணும்."

சரிம்மா என்றேன். வைத்துவிட்டாள். மங்கம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதே கிடையாது, எதற்கும் சரி அத்தை, ஆமாம் அத்தைதான். இப்போது ரொம்ப நேரம் பேசுவேன் என்கிறாள். நான் அந்த வீட்டில் இருக்கப் போவதும் திரும்பி வரப் போவதும் அந்தப் பேச்சுக்கு அப்புறம் அவள் சொல்கிறபடி. எதுவானாலும், குடம் அவள் கையில் இருக்கப் போகிறது, அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் வியாழன் மத்தியானமே வந்துவிடுகிறேன். நீ ஸ்டாப்புக்கு வர வேண்டாம், எனக்கு வழி தெரியும். உன்னிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. என்மேல் உனக்கு இருக்கிற கோபத்தை உன் இஷ்டப்படி வைத்துக்கொள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அம்சா பேச ஆரம்பித்ததும் எழுந்து வெளியே போய்விடு. நீ நல்ல பிள்ளை, எனக்குப் பயம் அதுதான். பாதியில் வந்து, விடு அம்சா, வயசானவங்க என்று சொல்லிவிடாதே. அவள் சொல்வதை உட்கார்ந்து கேட்க முடியாத அளவுக்கு எனக்கு இன்னும் வயசாகிவிடவில்லை.

அம்மா